நல்லாசிரியரை ஊருக்கு அழைப்போம்

(மன்றத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்திய பேச்சு)



பட்டப் படிப்பை இன்னும் முடிக்காத எம் போன்றோரைப் பெரியோர் நிறைந்த இம்மேடையில் ஏற்றிப் பேசச் சொன்னது மன்றத்தாரின் அன்பு. அந்த அன்புக்குக் கைம்மாறாக, ஊருக்குப் பயன்படக்கூடிய ஒரு பொருளைப் பற்றிப் பேசுவதே முறை. தம் பாடசாலையிலே தகுதி பெற்ற ஆசிரியர் கிடையாத மாணவருக்கு, ஊர் எல்லைக்கு வெளியே உள்ள நல்லாசிரியரின் கற்பித்தலை எவ்வாறு கிடைக்கச் செய்யலாம் என்பதே அப்பொருள்.

இந்தக் குறை எத்தகையது என்பதை முதலிற் பார்ப்போம். இலங்கையில் ஏறத்தாழப் பத்தாயிரம் அரசினர் பாடசாலைகள் உள்ளன. அவற்றுள் உயர்தர வகுப்பில் விஞ்ஞானமும் கணிதமும் கற்கக்கூடியவை ஏறத்தாழ ஆயிரம் மட்டுமே. பத்துப் பாடசாலைகளில் ஒன்றுக்குத்தான் அந்தப் பேறு. மற்ற ஒன்பதிலே படிக்கும் பிள்ளை பௌதிகம் படிக்க விரும்பினால் வேறோர் ஊருக்குச் செல்ல வேண்டும். அல்லது விருப்பத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் இரண்டாவதையே செய்கின்றனர். எட்டாம் வகுப்பிலே கணித ஆசிரியர் இல்லாத ஒரு வருடம் கழிந்தால், அந்தப் பிள்ளை பதினோராம் வகுப்பிலே கணிதத்தைக் கண்டு அஞ்சுகின்றது. “எனக்குக் கணக்கு ஓடாது” என்று தன்னைத்தானே பழித்துக்கொள்கின்றது. ஓடாதிருந்தது பிள்ளையின் மூளையா, வகுப்பறையின் கதிரை வெறுமையாயிருந்த காரணத்தாலா என்று கேட்பார் இல்லை.

எம்முள் ஒருவர் பயின்ற பாடசாலை ஒன்றிலே, அதன் பெயர் இங்கு வேண்டாம், விஞ்ஞான பாடத்துக்கு இரண்டு தவணைகள் ஆசிரியர் கிடைக்கவில்லை. வகுப்பிலே கெட்டிக்காரராய் இருந்த மூவர் அவ்வருடத்தின் பின்பு வேறு பாடப் பிரிவைத் தெரிந்தனர். அவர்கள் இன்று நல்ல நிலையிலேதான் இருக்கின்றனர். ஆயினும் அவர்கள் எதைப் படிப்பது என்பதைத் தீர்மானித்தவர் அவர்களும் அல்லர், பெற்றோரும் அல்லர். வராத ஆசிரியரே தீர்மானித்தார்.

அன்பர்களே! மாணவரையும் நல்லாசிரியரையும் ஒன்று சேர்ப்பதற்கு உலகத்திலே மூன்று வழிகள் உண்டு. ஆசிரியர் மாணவரைத் தேடி வருவது ஒரு வழி. மாணவர் ஆசிரியரைத் தேடிச் செல்வது இரண்டாவது வழி. இருவரும் தத்தம் இடத்தில் இருக்கப் பாடம் மட்டும் பயணம் செய்வது மூன்றாவது வழி. இந்த மூன்று வழிகளையும் ஒரே வாழ்க்கையிலே கண்ட ஒருவர் எமது காரைதீவு மண்ணிலே பிறந்தார். 1892ஆம் ஆண்டிலே சாமித்தம்பியாருக்கும் கண்ணம்மையாருக்கும் மகவாகத் தோன்றிய மயில்வாகனனை, பின்னாளிலே உலகம் சுவாமி விபுலானந்தர் என்று அறிந்தது.

அவரின் சிறப்புக்களை ஆண்டுதோறும் இவ்வூர் மேடைகளிலே கேட்கின்றோம். இன்று அவரை ஒரு மாணவராக மட்டும் பார்ப்போம். ஊரிலே குஞ்சித்தம்பி ஆசிரியரிடம் எழுத்தறிந்த பிள்ளைக்கு, வடக்கே புலோலியிலிருந்து வந்திருந்த வைத்தியலிங்க தேசிகர் தமிழும் வடமொழியும் பயிற்றினார். இது முதல் வழி: ஆசான் ஊருக்கு வந்தார். பின்பு அப்பிள்ளை கல்முனையிலே மெதடிஸ்த மிஷன் பாடசாலைக்கும், அதன் பின் மட்டக்களப்பிலே அர்ச். மிக்கேல் கல்லூரிக்கும், ஆசிரியப் பயிற்சிக்காகக் கொழும்புக்கும் சென்றார். இது இரண்டாம் வழி: மாணவர் ஆசானைத் தேடிச் சென்றார். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்விலே இலங்கையிலிருந்து முதன்முதலாகச் சித்தியெய்தியவர் அவரே. 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தைப் பெற்றார். இலண்டன் நகரத்துக்குச் சென்று வகுப்பிலே இருந்து பெற்ற பட்டம் அன்று. யாழ்ப்பாணத்திலே விஞ்ஞான ஆசிரியராய்க் கடமையாற்றிக்கொண்டே பெற்ற பட்டம். இது மூன்றாம் வழி.

இந்த மூன்றாம் வழியைத் திறந்தது எது? 1858ஆம் ஆண்டிலே இலண்டன் பல்கலைக்கழகம் தன் தேர்வுகளைப் பிற இடத்து மாணவருக்கும் திறந்துவிட்டது. கல்லூரியிலே வதிய வேண்டும் என்ற நியதி நீங்கியது. கடல் கடந்த நாடுகளிலே ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் வேலை பார்த்துக்கொண்டே பலர் பட்டதாரிகள் ஆயினர். இலங்கையிலே 1942ஆம் ஆண்டுக்கு முன்பு பட்டம் வழங்கும் பல்கலைக்கழகம் ஒன்று இருந்ததில்லை என்பதை எண்ணிப் பார்த்தால், அந்த வாயில் எத்துணைப் பெரியது என்பது விளங்கும்.

ஆனால் இங்கே ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். இலண்டன் அனுப்பியது பாடத்திட்டத்தையும் வினாத்தாளையுமே. கற்பித்தலை அது அனுப்பவில்லை. மயில்வாகனனாருக்கு அது போதுமாயிருந்தது. ஏனெனில் அதற்கு முன்பே பல ஆண்டுகள் நல்லாசிரியர் பலரின் கைகளால் அவர் பண்பட்டிருந்தார். தாமும் ஆசிரியராய் இருந்தார். தானே தன்னைத் திருத்தும் ஆற்றல் பெற்றவருக்குத் தூரத்துப் பாடம் போதும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது போதாது. அப்பிள்ளையின் கொப்பியைப் பார்த்து, “நீ இந்த இடத்திலே வழி தவறினாய்” என்று சொல்லும் ஒருவர் வேண்டும். எமது பேச்சின் உயிர் இந்த வேறுபாட்டிலேதான் இருக்கின்றது.

இனி நாட்டின் நிலையைப் பார்ப்போம். 1945ஆம் ஆண்டிலே கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. மத்திய கல்லூரிகள் எழுந்தன. புலமைப்பரிசில் பெற்ற கிராமத்துப் பிள்ளைகள் அவற்றின் விடுதிகளிலே தங்கிப் படித்தனர். அதற்கு முன்னரே, 1929இல், விபுலானந்த அடிகள் கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். இவை யாவும் மாணவரை ஆசானிடம் கொண்டு சேர்க்கும் இரண்டாம் வழியின் ஏற்பாடுகள். உயர்கல்வியும் எம்மை நோக்கி மெல்ல நடந்து வந்தது. 1980இல் திறந்த பல்கலைக்கழகம் தோன்றியது. 1981இல் வந்தாறுமூலை மத்திய கல்லூரியின் வளவிலே மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி ஆரம்பமாகி, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. 1995இல் தொடங்கிய மற்றொரு பல்கலைக்கழகக் கல்லூரி, 1996இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகமாகி, இன்று ஒலுவிலிலும் சம்மாந்துறையிலும் விளங்குகின்றது. எம் தந்தையர் காலத்திலே நாள் முழுவதும் பயணம் செய்து அடைய வேண்டியிருந்த பேராசிரியர்கள், இன்று எமது அயலிலே இருக்கின்றனர். ஆயினும் பல்கலைக்கழக வாயிலுக்குச் செல்லும் படிகளிலே, அதாவது ஆறாம் வகுப்பிலிருந்து உயர்தரம் வரை, எத்தனையோ படிகள் இன்னும் உடைந்து கிடக்கின்றன.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே கொரோனாத் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபொழுது, மூன்றாம் வழி திடீரென்று எல்லோருக்கும் ஒரே வழியாயிற்று. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளத்திலே பாடங்கள் இருந்தன. தொலைக்காட்சியிலே வகுப்புக்கள் நடந்தன. ஆசிரியர்கள் வட்ஸ்அப் குழுக்களிலே பயிற்சித் தாள்களை அனுப்பினர். ஸூம் வகுப்புக்கள் நடத்தினர். ஆனால் 2019ஆம் ஆண்டின் அரசாங்கக் கணக்கெடுப்பின்படி, இந்நாட்டிலே கணினி இருந்த வீடுகள் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுதான். மற்ற வீடுகளிலே கையடக்கத் தொலைபேசியே பள்ளிக்கூடம். தந்தை அதை எடுத்துக்கொண்டு வேலைக்குச் சென்றால் பள்ளிக்கூடமும் உடன் சென்றது. மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டிலே ஒரு தொலைபேசி, மூன்று வகுப்பு, ஒரே நேரம். அதன் பின் 2022ஆம் ஆண்டு நெருக்கடியிலே எரிபொருள் இல்லை. மின்சாரம் ஒரு கட்டத்திலே நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை தடைப்பட்டது. ஆசிரியர் பாடசாலைக்கு வருதலும் அரிதாயிற்று. கம்பி வழியே பாடம் வருதலும் அரிதாயிற்று.

இதைக் கண்ட பெரியோர் சிலர், “தூரத்துக் கல்வியால் ஒரு பயனும் இல்லை, தம்பிமாரே! பிள்ளைகள் படம் பார்த்தார்கள், விளையாடினார்கள், படிக்கவில்லை” என்று சொல்வதுண்டு. அவர்கள் கண்டது உண்மை. ஆனால் அவர்கள் கண்டது பாடத்தின் தோல்வியை அன்று. துணையின்றித் தனியே விடப்பட்ட பிள்ளையின் தோல்வியையே.

இதற்கு எதிர்ப்புறமான ஓர் உதாரணத்தை அவுஸ்திரேலியாவிலே காணலாம். அந்நாட்டின் நடுப்பகுதியிலே ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையே பல மைல் தூரம். அங்கு 1951ஆம் ஆண்டிலே, அலிஸ் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரிலிருந்து, பறக்கும் வைத்தியர் சேவையின் வானொலிக் கருவிகளைக் கொண்டு ‘வானொலிப் பள்ளி’ ஒன்றைத் தொடங்கினார்கள். ஆசிரியை ஊரிலிருந்து பேசினார். பிள்ளைகள் தத்தம் பண்ணையிலிருந்து விடை சொன்னார்கள். கேட்கவே வியப்பாய் இருக்கின்றது. ஆனால் அந்தப் பள்ளியின் வெற்றிக்குக் காரணம் வானொலி மாத்திரம் அன்று. வானொலிப் பாடம் நாளிலே சிறிது நேரமே நடந்தது. மிகுதி நேரம், தபாலிலே வந்த பயிற்சிகளை வைத்துக்கொண்டு, தாயோ வேறொரு பெரியவரோ பிள்ளையின் பக்கத்திலே அமர்ந்திருந்தார். குரல் தூரத்திலிருந்து வந்தது. கண் பக்கத்திலே இருந்தது. தூரத்துக் குரலும் பக்கத்துக் கண்ணும் சேர்ந்தாலே கல்வி என்பது அவர்கள் கண்ட உண்மை.

அன்பர்களே! பிள்ளைகளை வேறூருக்கு அனுப்பினால் போதாதா என்று கேட்கலாம். அனுப்பக்கூடியவர்கள் அனுப்புகின்றார்கள். கல்முனைக்கும் மட்டக்களப்புக்கும் செல்லும் பேருந்துகளிலே மாலை வேளைகளிலும் விடுமுறை நாட்களிலும் புத்தகப் பைகளைப் பாருங்கள். ஆனால் ரியூசன் கட்டணமும் பேருந்துக் கட்டணமும் சேர்ந்தால், கடற்றொழிலாளி வீட்டுக்கும் கூலி வேலை செய்வோர் வீட்டுக்கும் அது தாங்காத சுமை. இரவு ஏழு மணிக்குப் பின் தனியே பேருந்துக்குக் காத்து நிற்கும்படி எந்தத் தாய் தன் மகளை அனுப்புவாள்? மகனுக்குக் கிடைக்கும் ஆசிரியர் மகளுக்குக் கிடையாமற் போவது இப்படித்தான். வீதியின் இடரையும் நாம் அறிவோம். 2024ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 26ஆந் திகதி, வெள்ளம் பாய்ந்த காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியிலே, நிந்தவூரிலிருந்து வீடு நோக்கிச் சென்ற மத்ரசா மாணவரை ஏற்றிய உழவு இயந்திரம் அள்ளுண்டு போனதும், மாணவர் உயிரிழந்ததும் இப்பகுதி முழுவதும் அழுத துயரம். அந்தப் பிள்ளைகளும் கல்வியைத் தேடி ஊர் விட்டு ஊர் சென்றவர்களே. எந்த மதத்துப் பிள்ளையாயினும், கற்பதற்காக வீதியிலே உயிரைப் பணயம் வைத்தல் தகாது.

மற்றுமொரு செய்தியை இளைஞர் நன்கு அறிதல் வேண்டும். பல்கலைக்கழக அனுமதியிலே நூற்றுக்கு 40 இடங்கள் நாடளாவிய திறமைக்கும், 55 இடங்கள் மாவட்டங்களுக்கு அவற்றின் குடிசனத் தொகைப்படியும், 5 இடங்கள் கல்வியிலே பின்தங்கிய மாவட்டங்களுக்கும் வழங்கும் முறை உண்டு. எமது அம்பாறை மாவட்டம் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலிலே இருக்கின்றது. இது நன்று. ஆனால் மாவட்டம் ஒன்றாயினும் மாவட்டத்துக்குள்ளே எல்லாரும் ஒன்றா? கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று கரையோரமாய் அடுத்தடுத்து இருக்கும் ஊர்களிலே பெரிய பாடசாலைகள் உள்ளன. தெற்கே கோமாரி, பொத்துவில் பக்கத்துப் பிள்ளையும், மேற்கே வயற்கரைக் கிராமத்துப் பிள்ளையும் எம்மோடு அதே வரிசையிலேதான் நிற்கின்றார்கள். பின்தங்கியவர்க்கென்று ஒதுக்கிய இடம், பின்தங்கிய மாவட்டத்திலே ஆசிரியருக்கு அண்மையில் இருப்பவரின் கைக்கே எளிதிலே வருகின்றது. ஆதலால் காரைதீவு கை நீட்டிப் பெறும் ஊராய் மட்டும் இருத்தல் அழகன்று. ஒரு பாடத்திலே பெறுவோம். மறு பாடத்திலே கொடுப்போம். அடிகள் தம் அறிவை இவ்வூருக்குள்ளே பூட்டி வைக்கவில்லை அல்லவா?

ஆகவே எமது மன்றத்தின் முன் ஒரு சிறு திட்டத்தை வைக்கின்றோம். பெரிய கட்டிடம் வேண்டாம். பெரும் பணமும் வேண்டாம்.

முதலாவது, மன்ற மண்டபத்தின் ஓர் அறையைக் கிழமையிலே மூன்று மாலைகள் படிப்பறையாகத் திறத்தல். அங்கு ஒரு கணினி, ஒரு பெரிய திரை, ஓர் ஒலிபெருக்கி, மின்சாரம் நின்றால் உதவும் ஒரு மின்கலம். இருபது பிள்ளைகள் ஒரு திரையைப் பார்த்தால் இருபது வீடுகளிலே டேட்டாவுக்குப் பணம் செலவாகாது. இணையம் தளர்ந்த நாளிலே ஆசிரியரின் முகத்தை விட்டுவிட்டுக் குரலையும் கரும்பலகைப் படத்தையும் மட்டும் பெறலாம். செலவும் குறையும், பாடமும் தடைப்படாது.

இரண்டாவது, ஆசிரியர். பல்கலைக்கழகங்களிலே விரிவுரை செய்வோரும், கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் கடமையாற்றும் பட்டதாரி ஆசிரியர்களும், கடல் கடந்து வாழும் எம் ஊரவரும் இருக்கின்றார்கள். கிழமையிலே ஒரு மணித்தியாலம் கேட்போம். மறுக்கமாட்டார்கள் என்பது எமது நம்பிக்கை. ஆனால் பட்டம் இருப்பதாலே ஒருவரை ஏற்கலாகாது. வெளிநாட்டிலே இருப்பதாலே ஏற்கலாகாது. இந்நாட்டுப் பாடத்திட்டத்தைத் தமிழிலே கற்பிக்க வல்லவரா என்பதை, எம் ஊரின் அனுபவமிக்க ஆசிரியர் ஒருவர் முதல் வகுப்பிலே உடனிருந்து பார்த்த பின்பே அழைத்தல் வேண்டும்.

மூன்றாவது, பக்கத்துக் கண். இதுவே எல்லாவற்றிலும் முக்கியமானது. ஒவ்வொரு மாலையும் இரண்டு பெரியவர்கள் அறையிலே இருத்தல் வேண்டும். எம் போன்ற பல்கலைக்கழக மாணவர் ஒருவர், ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் என்று முறை வைக்கலாம். அவர்கள் கொப்பிகளைப் பார்ப்பார்கள். பிழைகளைக் குறித்துத் தூரத்து ஆசிரியருக்கு அனுப்புவார்கள். அடுத்த பாடம் அந்தப் பிழைகளிலிருந்து தொடங்கும். ஆசிரியரும் பிள்ளையும் தனித்துப் பேசும் குழுக்கள் வேண்டாம். யாவும் அறையிலே, பலர் காண நடக்கட்டும். பெற்றோரின் மனம் அமைதியாய் இருப்பதற்கு இது அவசியம்.

நான்காவது, கதவு. சாய்ந்தமருதுப் பிள்ளையும் மாவடிப்பள்ளிப் பிள்ளையும் வந்தால் கதவு திறந்திருக்கட்டும். எம்முள் பலர் மிஷன் பாடசாலை வாங்கிலே இருந்து எழுத்தறிந்தவர்கள். அங்கே எமக்குக் கற்பித்தவர் எம் நெற்றியைப் பார்த்துக் கற்பிக்கவில்லை. கல்முனையில் மெதடிஸ்தரிடம் கற்ற மயில்வாகனனும் அவ்வாறே கற்றார். பெற்றதைத் திருப்பிக் கொடுக்கும் பொழுது அளவு குறைதல் ஆகாது.

இத்திட்டத்துக்கு ஒரு வலுவான ஆட்சேபம் உண்டு. “நீங்கள் திரையிலே பாடம் நடத்தினால், ஆசிரியர் நியமனம் செய்ய வேண்டிய அதிகாரிகள் ஆறுதலாய் இருந்துவிடுவார்கள்” என்பர். இது நியாயமான அச்சம். ஆதலால் படிப்பறையின் பதிவேட்டிலே ஒரு பக்கத்தை இதற்கென்றே ஒதுக்குவோம். எந்தப் பாடசாலையிலிருந்து எத்தனை பிள்ளைகள், எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லாமையால் வந்தார்கள் என்பதை எழுதுவோம். தவணை முடிவிலே அந்தக் கணக்கைப் பெற்றோர் வாயிலாகக் கல்வி அலுவலகத்தின் முன் வைப்போம். வெறுங்கையுடன் கேட்பதற்கும் கணக்குடன் கேட்பதற்கும் வேறுபாடு உண்டு. ஒரு பாடத்துக்கு நிரந்தர ஆசிரியர் வந்துவிட்டால் அந்த மாலை வகுப்பை மகிழ்ச்சியுடன் நிறுத்துவோம். மருந்து நோயாளிக்காகவேயன்றி மருந்துக் கடைக்காக அன்று.

ஒரு தவணை நடத்திப் பார்ப்போம். எட்டாம், ஒன்பதாம் வகுப்புக் கணிதம் மட்டும் எடுத்துக்கொள்வோம். ஏனெனில் அங்கேதான் படி உடைகின்றது. தொடக்கத்திலே ஒரு சிறு சோதனை, முடிவிலே ஒரு சிறு சோதனை. முன்னேற்றம் இருந்தால் விரிப்போம்; இல்லையெனில் காரணம் தேடுவோம். வீண் ஆரவாரமும் திறப்பு விழாவும் வேண்டாம்.

பெரியோர்களே! 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆந் திகதி கடல் பொங்கிய பின்பு, இந்த அம்பாறைக் கரையிலே பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரை இழந்து நின்றோம். அன்றைய இருளிலும் சில வாரங்களுக்குள் பிள்ளைகளைத் திரும்ப வகுப்பிலே இருத்தினீர்கள். வீடு கட்டும் முன்னே கொப்பி வாங்கிக் கொடுத்த பெற்றோர் உங்களுள் இருக்கின்றார்கள். அவ்வாறு காத்து வளர்த்த கல்வியை, ஓர் ஆசிரியர் இல்லாத கதிரையின் முன்னே தோற்கவிடலாமா?

ஓய்வு பெற்ற ஆசிரியப் பெருமக்களை வேண்டிக்கொள்கின்றோம்: கிழமையிலே ஒரு மாலை எமக்குத் தாருங்கள். இளைஞர் அன்பர்களை வேண்டிக்கொள்கின்றோம்: இன்று கூட்டம் முடிந்ததும் மண்டப வாயிலிலே வைத்திருக்கும் தாளிலே, உங்களால் வரக்கூடிய நாளைக் குறித்துச் செல்லுங்கள். பெயர் எழுதுவது எளிது. நாளைக் குறிப்பது சற்று அரிது. நாளைக் குறித்தவர்களை நம்பியே வருகிற மாதம் முதலாம் வகுப்பைத் தொடங்க எண்ணியிருக்கின்றோம்.